வைக்கோலும் எஃகும்



இன்று பட்டம் பெறும் இளம் பொறியாளர்களே, உங்களில் பலர் உலோகவியலும் இயந்திரவியலும் படித்தவர்கள். திருச்சியில் தயாராகும் பாய்லர்களை அறிந்தவர்கள். நான் உங்களிடம் பேச வந்திருப்பது டென்மார்க் நாட்டு வைக்கோலைப் பற்றி.

கோதுமை, பார்லி அறுவடையில் மிஞ்சும் வைக்கோலை எரித்து மின்சாரமும் வீடுகளுக்கு வெப்பமும் தரலாம் என்று அந்த நாடு முடிவு செய்தது. 1989-இல் ஹாஸ்லெவ் என்ற ஊரில் அப்படியொரு நிலையம் ஓடத் தொடங்கியது. நிலக்கரியைக் குறைக்க எடுத்த அந்த முயற்சியை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சிய பொட்டாசியமும் குளோரினும் வைக்கோலோடு சேர்ந்து உலைக்குள் வந்தன.

உலைச் சூட்டில் அவை பொட்டாசியம் குளோரைடு ஆவியாகி, நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர்ஹீட்டர் குழாய்களின் மேல் படிகின்றன. கடலோர வீட்டு ஜன்னல் கம்பியை உப்புக்காற்று அரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஈரம் வேண்டும். இங்கே அதுவும் வேண்டாம். குளோரின் ஆக்சைடு படலத்தைத் துளைத்து உள்ளே போய் இரும்பு குளோரைடை உண்டாக்குகிறது. அது ஆவியாக வெளியே நகர்ந்து, ஆக்சிஜன் கிடைக்கும் இடத்தில் இரும்பு ஆக்சைடாகிறது. அப்போது விடுபடும் குளோரினில் ஒரு பங்கு மறுபடியும் உள்ளே திரும்புகிறது. கொஞ்சம் குளோரின் போதும், நிறைய எஃகு போய்விடும்.

குரோமியத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்றுதான் நாம் படித்த பாடம் சொல்லும். 18 சதவீதக் குரோமியம் உள்ள எஃகையும் போட்டுப் பார்த்தார்கள். ஆனால் பொட்டாசியம் குளோரைடு, குழாயைக் காக்க வேண்டிய குரோமியம் ஆக்சைடோடு வினைபுரிந்து அதைப் பொட்டாசியம் குரோமேட்டாக மாற்றிவிடுகிறது. படலம் வலுவிழக்கிறது. உலோக மணிகளுக்கு இடையிலான எல்லைகள் வழியே அரிப்பு உள்ளே இறங்குகிறது. எதை நம்பி அதிக விலை கொடுத்தோமோ அதையே எரிபொருள் முதலில் தாக்குகிறது.

டென்மார்க்கின் என்ஸ்டெட் நிலையத்தில் 1998-இல் வைக்கோல் பாய்லரை அமைத்தவர்கள் இதற்குச் செய்த ஏற்பாடு என்னை மிகவும் கவர்ந்தது. வைக்கோல் பாய்லரில் நீராவியை 470 டிகிரி செல்சியஸோடு நிறுத்திக்கொண்டார்கள். பிறகு அதே நீராவியை, இந்த உப்பு மிகக் குறைவாக உள்ள மரச்சில்லுகள் எரியும் தனி உலைக்கு அனுப்பி 542 டிகிரிக்கு உயர்த்தினார்கள். டர்பைனுக்கு வேண்டிய சூடும் கிடைத்தது, வைக்கோல் பக்கத்துக் குழாய்களும் தாங்கக்கூடிய வெப்பத்திலேயே இருந்தன. புது எஃகு எதையும் தேடாமல், எரிபொருள் எதுவென்று தெரிந்து எடுத்த முடிவு அது. ஸ்வீடனில் அம்மோனியம் சல்பேட்டை உலைக்குள் தெளித்து, குளோரைடைத் தீங்கு குறைந்த சல்பேட்டாக மாற்றும் வழியும் உண்டு.

இன்னொரு வழி வயலிலேயே இருந்தது. அறுத்த கையோடு கட்டிய வைக்கோல் மஞ்சளாக இருக்கும். சில நாள் வயலில் கிடந்து மழையில் நனைந்து, மறுபடி காய்ந்தது சாம்பல் நிறமாகிவிடும். மழை அந்த உப்பைக் கழுவிவிடுவதால், 1 சதவீதத்தையொட்டி இருந்த பொட்டாசியம் அதில் ஒரு சிறு பங்காகக் குறைகிறது. மாட்டுக்கு மழைபடாத வைக்கோல் நல்லது; பாய்லருக்கு மழை நனைத்த வைக்கோல்தான் நல்லது. இது எஃகு பற்றிய எந்தப் பாடத்திலும் வராது. வயலுக்குப் போனவருக்குத்தான் தெரியும்.

வட இந்தியாவில் நெல் வைக்கோலை வயலில் கொளுத்தாமல் மின்நிலையங்களுக்குத் தரும்படி இன்று விவசாயிகளைக் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். அந்த வைக்கோலிலும் பொட்டாசியமும் குளோரினும் உண்டு. பசுமை எரிபொருள் என்ற பெயரைக் கேட்டு எந்தக் குழாயும் அரிப்பிலிருந்து தப்புவதில்லை. நிலக்கரிக்குப் போட்ட கணக்கை வைக்கோலுக்கு அப்படியே எழுதுவது பொறியியல் ஆகாது.

வேலையில் சேர்ந்த பின் முதல் ஷட்டவுன் வரும்போது, பாய்லருக்குள் நீங்களே இறங்குங்கள். குழாயின் தடிமனை அளப்பதோடு நிற்காமல், மேலே படிந்திருப்பதைச் சுரண்டி ஆய்வுக்கு அனுப்புங்கள். வைக்கோல் எந்த ஊர் வயலிலிருந்து வந்தது, மழைக்கு முன்பு கட்டியதா பின்பு கட்டியதா என்று கொண்டுவந்தவரிடம் கேளுங்கள். தடிமன் குறைந்திருந்தால் அதை அப்படியே பதிவேட்டில் எழுதுங்கள். நீராவியின் சூட்டைக் குறைக்க வேண்டுமானால், மின்சாரம் குறையும் என்றாலும், நிர்வாகத்திடம் துணிந்து சொல்லுங்கள். அந்தக் குழாய்களின் அருகே இரவு ஷிஃப்டில் ஆட்கள் வேலை செய்கிறார்கள்.