குறைவாக வாசித்து நிறைவாகத் தந்தவர்

(நமது பங்கின் ஜூபிலி விழாவையொட்டி நடந்த பாடகர் குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ஜூபிலி ஆண்டில் பாடகர் குழுவுக்குப் பயன்படும்படி ஏதாவது பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். நான் ஓர் இளைஞரின் பியானோ இசைத்தட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். அவர் நம் நாட்டவர் அல்லர். அவர் வாசித்ததும் நம் நாட்டுச் சங்கீதம் அல்ல. ஆயினும் பீடத்தின் அருகே நின்று பாடுகிறவர்கள் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு.

அவர் பெயர் தீனு லிப்பாட்டி. ருமேனியா நாட்டின் தலைநகரான புக்காரெஸ்டில் 1917ஆம் ஆண்டு பிறந்தார். ஞானத்தந்தையாக நின்றவர் புகழ்பெற்ற வயலின் மேதை ஜார்ஜ் எனெஸ்கு. 1933இல், பதினாறாம் வயதில், வியன்னாவில் நடந்த சர்வதேசப் போட்டியில் லிப்பாட்டிக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. முதற்பரிசு இவருக்கே உரியது என்று கருதிய நடுவர் ஆல்பிரட் கோர்த்தோ, நடுவர் குழுவிலிருந்தே விலகிக்கொண்டார். அதன் பின் பாரிஸ் நகரில் அதே கோர்த்தோவிடம் லிப்பாட்டி மாணவராய்ச் சேர்ந்தார். 1943இல் சுவிட்சர்லாந்துக்குச் சென்று, ஜெனீவா இசைக் கல்லூரியில் ஆசிரியரானார்.

அங்கேதான் சிலுவையும் வந்தது. நிணநீர்க் கணுக்களைத் தாக்கும் ஹாட்ஜ்கின் என்னும் புற்றுநோய் அவரைப் பற்றிக்கொண்டது. அன்று அதற்குச் சரியான மருந்து இல்லை. 1950இல் கார்ட்டிசோன் என்ற புதிய மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த மருந்தைக் கண்டறிய உழைத்தவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே ஆண்டில்தான். அது நோயைக் குணப்படுத்தவில்லை. ஆனால் சில வாரங்களுக்குப் பலம் கொடுத்தது.

சில வாரப் பலம் கிடைத்தால் நாம் என்ன செய்வோம்? லிப்பாட்டி வேலை செய்தார். 1950 ஜூலை மாதத்தில் ஏறக்குறைய பத்து நாட்கள் ஜெனீவா வானொலி நிலையத்தின் ஒலிப்பதிவு அறையில் அமர்ந்து தனியாகப் பியானோ வாசித்துப் பதிவு செய்தார். நான் சொல்லும் இசைத்தட்டுகள் இவைதான்.

அவற்றில் என்ன இருக்கிறது? எல்லாரும் அறிந்தவை சில: ஷோப்பேன் எழுதிய பதினான்கு வால்ட்ஸ்கள், மொசார்ட்டின் ஒரு சொனாட்டா, 'இயேசுவே மனிதரின் மகிழ்வு' என்ற பொருள்பட ஆங்கிலத்தில் பெயர் பெற்ற பாக்கின் கீதம். இவற்றோடு, அவ்வளவாகப் பலர் அறியாத பாக்கின் சிறு கீதங்கள் இரண்டு. எளிதில் கைதட்டு வாங்கும் பாடல்களை மட்டும் அவர் தேர்ந்தெடுக்கவில்லை. தெரிந்ததற்குப் பக்கத்தில் தெரியாததையும் வைத்தார். இரண்டுக்கும் ஒரே மரியாதை கொடுத்தார்.

முதலில் தெரிந்த கீதத்தைப் பார்ப்போம். உலகெங்கும் திருமணங்களில் இதை வாசிக்கிறார்கள். ஆனால் இது திருமணத்துக்காக எழுதப்பட்டதன்று. ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் 1723 ஜூலை 2ஆம் நாள், தேவமாதா எலிசபெத்தம்மாளைச் சந்தித்த திருநாளில் பாடுவதற்காக ஜொஹான் செபஸ்தியான் பாக் அமைத்த கோவில் இசையின் ஒரு பகுதி. ஜெபமாலையில் சந்தோஷ தேவ இரகசியங்களில் இரண்டாவதாக நாம் தியானிக்கிறோமே, அதே நிகழ்ச்சிதான். பாக் லூத்தரன் சபையைச் சேர்ந்தவர். ஆயினும் மாதாவின் திருநாள் அங்கும் கொண்டாடப்பட்டது. இதைப் பியானோவில் வாசிப்பதற்கு ஏற்றபடி பின்னாளில் எழுதித் தந்தவர் மைரா ஹெஸ் என்ற ஆங்கிலேய அம்மையார்.

இந்தக் கீதத்தின் அமைப்பைப் பாடகர் குழுவினர் கவனிக்க வேண்டும். மும்மூன்று சுரங்களாக ஓர் இசை ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் நடுவே பழைய ஞானப்பாட்டின் மெட்டு நீண்ட சுரங்களில் வந்து நிற்கும், ஓர் அடியைச் சொல்லிவிட்டு விலகும், மீண்டும் வரும். ஓடுகிற இசை மெட்டை மூழ்கடிக்கக் கூடாது. மெட்டும் மற்றதை விரட்டக் கூடாது. லிப்பாட்டி இரண்டையும் பத்து விரல்களுக்குள் அடக்கி, இரண்டு பேர் வாசிப்பது போலத் தெளிவாகக் கேட்கச் செய்கிறார். ஆர்மோனியமும் தபேலாவும் பாடுகிறவர்களின் குரலை அமுக்கிவிடாமல் எப்படித் தாங்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்குமா?

இனி, பலர் அறியாத கீதங்கள். ஒன்று ஆண்டவரை நோக்கிக் கூவி மன்றாடும் ஜெபம். மற்றொன்று திருவருகைக் காலப் பாடல். இந்த இரண்டாவதன் வரலாறு நம்மை வியக்க வைக்கும். நான்காம் நூற்றாண்டில் மிலான் நகரின் ஆயராயிருந்த புனித அம்புரோஸ், மக்களின் மீட்பரை வரும்படி அழைத்து இலத்தீனில் ஒரு பாடல் இயற்றினார். 1524இல் மார்ட்டின் லூத்தர் அதை ஜெர்மன் மொழியில் ஆக்கினார். அந்த மெட்டைக் கொண்டு பாக் ஆர்கனுக்காக ஒரு கீதம் அமைத்தார். அதை இத்தாலியரான புசோனி பியானோவுக்கு மாற்றினார். கடைசியில் ஜெனீவாவில் நோயாளியான ஒரு ருமேனிய இளைஞரின் விரல்களுக்கு அது வந்து சேர்ந்தது. ஓர் ஆயரின் ஜெபம் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது! இடையில் ஒருவர், "இது யாருக்கும் தெரியாத பாட்டு, நமக்கு எதற்கு?" என்று விட்டிருந்தால் சங்கிலி அங்கேயே அறுந்திருக்கும்.

லிப்பாட்டி விட்டுச்சென்ற இசைத்தட்டுகள் மொத்தத்தில் சில மணி நேரம்தான். காரணம் நோய் மட்டுமன்று. முழுமையாகத் தயாராகாத எதையும் அவர் பிறர் முன் வைக்க மாட்டார். பீத்தோவனின் ஒரு பெரிய இசையமைப்புக்குத் தமக்கு நான்கு ஆண்டுகள் வேண்டும் என்று அவர் சொன்னதாக, அந்த இசைத்தட்டுகளைத் தயாரித்த வால்ட்டர் லெக் எழுதியிருக்கிறார். நாமோ சனிக்கிழமை மாலை நான்கு புதுப் பாட்டுகளை எடுத்து, ஞாயிறு காலைத் திருப்பலியில் பாடிவிடுகிறோம்!

ஜூலையில் கிடைத்த பலம் நீடிக்கவில்லை. 1950 செப்டம்பர் 16ஆம் நாள் பிரான்சில் பெசன்சோன் நகர இசைவிழாவில் அவர் வாசிக்க வேண்டியிருந்தது. மருத்துவர்கள் வேண்டாம் என்றார்கள். கொடுத்த வாக்கை மீறக் கூடாது என்று அவர் மேடை ஏறினார். பாக், மொசார்ட், ஷூபெர்ட் ஆகியோரை வாசித்து முடித்து, ஷோப்பேனின் வால்ட்ஸ்களைத் தொடங்கினார். பதின்மூன்று முடிந்தன. பதினான்காவதற்குப் பலம் இல்லை. சிறிது நேரம் கழித்து அந்த வால்ட்ஸுக்குப் பதிலாக, நான் முதலில் சொன்ன பாக்கின் கீதத்தை வாசித்து விடைபெற்றார் என்று அக்கச்சேரியைப் பற்றி எழுதியவர்கள் கூறுகிறார்கள். நமக்குக் கிடைத்துள்ள வானொலிப் பதிவில் அந்தக் கடைசிக் கீதம் இல்லை. அதன் பின் அவர் மேடை ஏறவில்லை. டிசம்பர் 2ஆம் நாள் ஜெனீவாவில் காலமானார். வயது முப்பத்து மூன்று.

அன்பர்களே, பலம் முற்றும் தீர்ந்தபோது அவர் விரல்களுக்கு வந்தது ஞானப்பாட்டு. எப்படி வந்தது? பலம் இருந்த நாட்களில் அதைத் தம்முள் நிறைத்து வைத்திருந்தார், ஆகையால் வந்தது. நாமும் படுக்கையில் விழும் நாள் ஒன்று வரும். அன்று எந்தப் பாட்டு நம் உதட்டுக்கு வரும்? கைதட்டலுக்காக அவசரமாகப் பாடியதா, உள்ளம் ஒன்றித் திரும்பத் திரும்பப் பாடியதா?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், இசையை வழிபாட்டுக்கு வெளியே ஒட்டிய அலங்காரமாகக் கருதவில்லை. வழிபாட்டின் ஓர் அங்கமாகவே போதிக்கிறது. பாடகர் குழுக்களை வளர்க்கச் சொல்கிறது. மக்களும் சேர்ந்து பாட வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே ஜூபிலி ஆண்டுக்கு இரண்டே வேண்டுகோள்கள். புதுப் பாட்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்து, எடுத்ததை நன்றாகப் பழகுங்கள். மேலும், நம் பங்கில் மூத்தவர்கள் சிலர் மட்டுமே அறிந்த தபசு காலப் பாடல்களும் இலத்தீன் கீதங்களும் உண்டு. அவர்கள் வீட்டுக்குப் போய், அருகில் அமர்ந்து, மெட்டுத் தவறாமல் கற்றுக்கொள்ளுங்கள். அவர்களும் மறைந்துவிட்டால் அவற்றை யாரிடம் போய்க் கேட்பது?

லிப்பாட்டியின் பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன, கைபேசியிலேயே கேட்கலாம். ஓரிரவு வீட்டில் ஜெபமாலை முடிந்தபின், அந்தத் திருவருகைக் காலப் பாடலை விளக்கைத் தணித்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். வாசிப்பவர் தம்மை எங்கும் முன்னே நிறுத்தமாட்டார். பாட்டுத்தான் கேட்கும். நம் பாடகர் குழுவைப் பற்றியும் பங்கு மக்கள் அப்படிச் சொல்லும் நாள் வரட்டும் என்று இறைவனை வேண்டுகிறேன். இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!