மூடி மறைத்தால் நம்புவார்களா?

  

கழிவு நீரைச் சுத்திகரித்துக் குடிக்கத் தருகிறோம் என்று சொன்னால் நம்மில் பலர் முகம் சுளிப்போம். "அது நஜீஸ் ஆயிற்றே, ஒளு கூடுமா?" என்போம். நியாயமான கேள்விதான். இதற்கு 1978-லேயே சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் சபை தீர்ப்புச் சொல்லிவிட்டது. நிறம், சுவை, வாடை மூன்றிலும் அசுத்தத்தின் அடையாளம் இல்லாதபடி முழுமையாகச் சுத்திகரிக்கப்பட்டால் அது தூய நீரே. ஒளுச் செய்யலாம், குடிக்கவும் செய்யலாம். உடலுக்குக் கேடு விளையுமானால் குடிக்கக் கூடாது; அப்போதும் காரணம் கேடுதான், நஜீஸ் அல்ல. (குடிப்பதைத் தவிர்ப்பதே மேல் என்றும் அச்சபை கருதியது. அதை நாம் ஏன் மறைக்க வேண்டும்?)

ஆக, மிச்சமிருப்பது ஒரே கேள்வி. கேடில்லை என்பதை யார் சொன்னால் மக்கள் நம்புவார்கள்?

ஆஸ்திரேலியாவின் தூவூம்பா நகரைப் பாருங்கள். கடும் வறட்சி. நகராட்சி இத்திட்டத்தைக் கொண்டு வந்தது. விளக்கம் வீடு வீடாகப் போய்ச் சேருமுன் அச்சம் போய்ச் சேர்ந்துவிட்டது. 2006 ஜூலையில் நடந்த வாக்கெடுப்பில் சுமார் 62 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அணையில் தண்ணீர் இல்லாத ஊரில்!

நம் உறவினர் பலர் வாழும் சிங்கப்பூரில் என்ன செய்தார்கள்? முதலில் பெடோக்கில் மாதிரி நிலையம் கட்டிச் சோதித்தார்கள். வெளிநாட்டு நிபுணர்களையும் சேர்த்த குழுவிடம் ஆராயக் கொடுத்தார்கள். 2002 தேசிய தினத்தன்று மைதானத்தில் பல்லாயிரம் பேரோடு பிரதமர் கோ சோக் டோங்கும் அந்தத் தண்ணீரைக் குடித்தார். மறு ஆண்டு பார்வையாளர் கூடம் திறந்து, நுண்வடிகட்டி, சவ்வு, புற ஊதாக் கதிர் என்று ஒவ்வொரு கட்டத்தையும் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட விளக்கிக் காட்டினார்கள். அந்நீரில் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்கே போகிறது. சிறு பங்குதான் நீர்த்தேக்கத்தில் கலந்து, மீண்டும் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய்க்கு வருகிறது. இதையும் ஒளிக்காமல் சொன்னார்கள்.

வணிகர்களுக்கு இது புதிதா? புதுச் சரக்கு வந்தால் மூட்டையைப் பிரித்து, வாடிக்கையாளர் கையில் கொடுத்துத்தானே விற்கிறீர்கள்?

2019-இல் சென்னை ஏரிகள் வறண்டபோது குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றவர்கள் ஏழைகள். அதே ஆண்டில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்கு தலா 4.5 கோடி லிட்டர் கழிவு நீரைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் தொழிற்சாலைகளுக்காக இயங்கத் தொடங்கின. நாளை இது குடிநீருக்கும் வரலாம். வரும்போது கண்ணை மூடி எதிர்க்காதீர்கள். கண்ணை மூடி ஆதரிக்கவும் வேண்டாம். ஜமாஅத் நிர்வாகிகளும் உலமாக்களும் தாய்மார்களும் நிலையத்துக்குள் போய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள். வெளி ஆய்வகத்தின் சோதனை முடிவை, எல்லாரும் படிக்கும் தமிழில், வாரா வாரம் வார்டு அலுவலக வாசலில் ஒட்டச் சொல்லுங்கள்.