சோயாபால் கடையில் பிறந்த திட்டம்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் கைப்பேசிக்குள் இருக்கும் சிப்பைப் பற்றிச் சற்றுப் பேச விரும்புகிறேன். உலகின் மிக நுட்பமான சிப்புகளில் பெரும்பாலானவை தைவானில் தயாராகின்றன. பரப்பளவில் அது தமிழ்நாட்டின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு சிறிய தீவு ஒரு துறையில் உலகுக்கே முன்னால் நிற்பது எப்படி?

1974 பிப்ரவரியில், தைபே நகரின் ஒரு சோயாபால் கடையில் காலை உணவுக்கு ஏழு பேர் கூடினார்கள். அவர்களில் ஒருவர் பொருளாதார அமைச்சர் சன் யுன்-சுவான். இன்னொருவர் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் பான் வென்-யுவான். சிப் தயாரிப்பில் இறங்குவது, தெரியாததை வெளிநாட்டில் கற்றுக்கொள்வது என்ற திட்டம் அங்கேதான் உருவானது.

அரசு 1973-இல் தொடங்கியிருந்த தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் அந்தப் பொறுப்பை ஏற்றது. 1976-இல் ஆர்.சி.ஏ.வுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. இளம் பொறியாளர்கள் அமெரிக்கா சென்று கற்றுத் திரும்பி, மாதிரித் தொழிற்சாலையை இயக்கினார்கள். கற்ற கல்வி அரசு ஆய்வகத்துக்குள் முடங்கவில்லை. 1980-இல் அதிலிருந்து யு.எம்.சி. நிறுவனம் பிறந்தது. அதே ஆண்டு, பல்கலைக்கழகங்களுக்கு அருகிலேயே சின்ச்சு அறிவியல் பூங்காவை அரசு திறந்தது. 1987-இல் மோரிஸ் சாங் தலைமையில் டி.எஸ்.எம்.சி. உருவானது. அதில் அரசும் பிலிப்ஸ் நிறுவனமும் முதலீடு செய்தன.

டி.எஸ்.எம்.சி. செய்த புதுமை எளிமையானது. தனக்கென்று சிப் வடிவமைக்காமல், பிறர் வடிவமைப்பதை மட்டும் தயாரித்துக் கொடுத்தது. அதனால் தொழிற்சாலை கட்ட வசதியில்லாத சிறு நிறுவனங்களும் சிப் தொழிலுக்குள் வர முடிந்தது.

கடையில் கூடிய நாளிலிருந்து டி.எஸ்.எம்.சி. உருவாகும்வரை பதின்மூன்று ஆண்டுகள். அதுவரை அரசு பொறுமையாகத் துணை நின்றது. பலர் தமக்குத் தெரிந்ததைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இதை நம்மிடையே பேசக் காரணம், நான் செய்த ஒரு தவறு. சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் சேர்ந்து, தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் ஒலி எழுப்பும் கருவி செய்தார்கள். கண்காட்சிக்கு ஒரு பெயர்தான் கேட்டார்கள். முதல் மதிப்பெண் எடுக்கும் மாணவனின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அப்பாவின் மோட்டார் பழுதுபார்க்கும் கடையிலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து, இணைப்பு கொடுத்து, கருவியை இயங்க வைத்தவள் ஒரு மாணவி. அவளுக்குச் சான்றிதழ் இல்லை. அடுத்த ஆண்டு கூப்பிட்டபோது, "வேண்டாம் டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு சொல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதன்பின் ஒவ்வொரு செயல்திட்டத்துக்கும் ஒரு நோட்டு வைத்தேன். யோசனை யாருடையது, செய்தது யார், பிழையைக் கண்டுபிடித்தது யார் என்று பிள்ளைகளே எழுதுகிறார்கள். ஒரு குழு செய்ததை அடுத்த குழு படித்துவிட்டு, அங்கிருந்து தொடர்கிறது. இதற்குச் செலவு ஒரு நோட்டுதான்.

நாட்டுக்கான கொள்கையை அரசு வகுக்கும். வகுப்பறையில் யார் பெயரை எழுதுவது என்ற கொள்கை நம் கையில் இருக்கிறது. சேர்ந்து செய்தால் மதிப்பு உண்டு என்று பிள்ளைகள் முதலில் நம்மிடம்தான் கற்க வேண்டும்.