வேலியோரத்துச் செடிகளுக்காக ஒரு சங்கம்

(எமது பழைய மாணவிகள் தொடங்கிய சுதேச தாவரப் பாதுகாப்புச் சங்கத்தின் முதற் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆடி அமாவாசைச் சமையலுக்குக் காத்தோட்டிக்காய் தேடிச் சந்தைக்குப் போனவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். ஒரு காலத்தில் அதை யாரும் காசு கொடுத்து வாங்கியதில்லை. கிளுவைக் கதியாலும் பூவரசும் நின்ற வேலியில் அது தன்பாட்டிலே படர்ந்து கிடந்தது. பக்கத்திலே முசுட்டை, குறிஞ்சா, தூதுவளை, கொவ்வை, பிரண்டை. வறைக்கும் துவையலுக்கும் இரசத்துக்கும் எங்கள் அம்மாமார் வேலிக்குத்தான் போனார்கள். தடிமன் பிடித்தாலும் அங்கேதான்.

இன்று வேலி நின்ற இடத்தில் மதில் நிற்கிறது. இடம்பெயர்ந்து திரும்பி வந்து, வீட்டை மீளக் கட்டியவர்கள் பாதுகாப்புக்காக மதில் எழுப்பியதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் இந்தச் செடிகளை யாரும் நட்டு வளர்க்கவில்லை, வேலிதான் வளர்த்தது. வேலி போனதும் அவற்றுக்குப் போக்கிடம் இல்லை.

சுதேச தாவரம் என்றால் பனைதானே என்று ஒரு அக்கா கேட்டார். பனைக்கு 1978 முதல் ஓர் அபிவிருத்திச் சபை இருக்கிறது. காத்தோட்டிக்கு யார் இருக்கிறார்கள்? மரநடுகை விழா வைப்போம் என்றும் சிலர் சொன்னார்கள். விழாக்களில் கொடுக்கும் கன்றுகளில் குல்மொஹரும் ஒன்று; அது மடகஸ்காரில் இருந்து வந்த மரம். நிழலுக்கு நடுங்கள், எங்கள் சங்கக் கணக்கில் மட்டும் எழுத வேண்டாம்.

எங்கள் முதல் வேலை நடுவது அல்ல, நிற்பதை அறிவது. க்ரூடியா சிலனிக்கா என்ற மரத்தை 2012ஆம் ஆண்டுச் சிவப்புப் பட்டியல் அழிந்துபோனதாகக் கருதியது. 2019இல் கம்பஹாவுக்கு அருகே தரலுவவில் அது நிற்பது தெரியவந்தது. 2021இல் நெடுஞ்சாலைக்காக அதைத் தறிக்கப் பார்த்தபோது பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. இன்ன மரம் என்று ஒருவர் அடையாளம் கண்டிராவிட்டால், அது வெறும் விறகாகப் போயிருக்கும்.

ஆகவே ஒவ்வொருவரும் தன் ஒழுங்கையில் எஞ்சியிருக்கும் வேலியைப் பார்த்து, செடியின் பெயர், இடம், பூக்கும் மாதம் மூன்றையும் கொப்பியில் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் ஊர் முதியவர்களிடம் கேளுங்கள். 1893இல் வெளிவரத் தொடங்கிய இலங்கைத் தாவர நூலில் ஹென்றி ட்ரைமன் சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களையும் பதிந்து வைத்தார். எங்கள் ஆச்சிமாரின் வாயில் இருப்பதை நாங்கள் பதிய வேண்டாமா? ஒன்று சொல்ல வேண்டும்: ஒதுக்கக் காடுகளில் இருந்து எதையும் பிடுங்கி வராதீர்கள், அது சட்டப்படி குற்றம். தடியும் விதையும் வீட்டு வளவுகளில், கேட்டு எடுப்போம்.

வெளிநாடுகளில் இருக்கும் தோழியருக்கும் வேலை உண்டு. பழைய குடும்பப் படங்களை எடுத்து, ஆட்களுக்குப் பின்னால் தெரியும் வேலியைப் பாருங்கள். என்ன செடி, எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதி அனுப்புங்கள். விதைகளைத் தபாலில் அனுப்ப வேண்டாம்.

பாடசாலையின் பின்புறத்தில் ஒரு துண்டு கிளுவை வேலி இன்னும் மிஞ்சியிருக்கிறது. அதைத் தறித்து மதில் கட்டாமல் விடுவதாக அதிபர் சம்மதித்திருக்கிறார். இடையில் பட்டுப்போன கதியால்களுக்குப் பதிலாக மாரி தொடங்கியதும் புதியவை போடுவோம். முசுட்டைக் கொடி கொண்டுவர ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். காத்தோட்டிதான் இன்னும் கிடைக்கவில்லை.