லைன்ல இருங்க



தொலைபேசி வழியாக நேயர்களோடு பேசும் நிகழ்ச்சி எதுவானாலும், "லைன்ல இருக்கீங்களா?" என்று ஒருமுறையாவது கேட்காமல் முடிவதில்லை. பேசுகிறவர் கையில் இருப்பது கைபேசி. அதற்குக் கம்பியும் கிடையாது, கம்பமும் கிடையாது. ஆனாலும் லைன் இருக்கிறது. இன்றைக்கு அந்த 'லைன்' பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

இரண்டெழுத்தில் அடங்கிவிடுகிற இங்கிலீஷ் சொல் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் பெயர்ச்சொல் மட்டும்தான் இரவல். அதன் பக்கத்தில் வந்து நிற்கிற வினைச்சொல் நம்முடையது, அர்த்தத்தை முடிவு செய்வதும் அதுதான். லைன் கிடைக்கவில்லை என்றால் தொலைபேசி. லைன் கட்டி நிற்கிறார்கள் என்றால் கூட்டம். லைன் போடுகிறார்கள் என்றால் மின்கம்பி அல்லது குடிநீர்க் குழாய். கொங்குப் பக்கத்தில் ஒருவர் லைனுக்குப் போயிருக்கிறார் என்றால், தவணைப் பணம் வசூலிக்க ஊர் ஊராகப் போயிருக்கிறார். லைன் அடிக்கிறான் என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பையன் அதைக் காதல் என்பான். அந்தப் பெண்ணைக் கேட்டால் பல நேரம் வேறு பெயர் சொல்வாள்.

இந்த வினைச்சொல் விளையாட்டைப் பார்க்க வேண்டுமானால் சித்தூர்ப் பக்கம் போக வேண்டும். 1911-இல் மெட்ராஸ் மாகாணத்தில் உருவான மாவட்டம் அது. 1953-இல் ஆந்திர மாநிலத்துக்குப் போனது, 1960-இல் திருத்தணிப் பகுதி இந்தப் பக்கம் வந்தது. கோடு எங்கே போட்டாலும் வீடுகளுக்குள் இரண்டு மொழியும் தங்கிவிட்டன. காலையில் தெலுங்கில் பேரம் பேசிவிட்டு மாலையில் தமிழில் கணக்குப் பார்க்கிற குடும்பங்கள் அங்கே சாதாரணம்.

தமிழில் பையன் லைன் 'அடிக்கிறான்'. தெலுங்கில் அதே பையன் லைன் 'வேஸ்துன்னாடு', அதாவது போடுகிறான். இதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால், பெண் வீட்டு வாசலில் சுற்றுகிறவன் மின்வாரிய ஊழியன் ஆகிவிடுவான்! இரண்டு மொழியும் தெரிந்த சித்தூர்க்காரருக்கு இந்தக் குழப்பம் வருவதில்லை. மொழி மாறும்போது வினையையும் சேர்த்தே மாற்றிக்கொள்கிறார்.

அங்கேயே ஜூன், ஜூலையில் இன்னொரு லைன் பார்க்கலாம். தோத்தாபுரி மாம்பழம், நம் ஊரில் பெங்களூரா என்போம், அதை ஏற்றிய டிராக்டர்கள் கூழ்த் தொழிற்சாலை வாசலில் வரிசையாக நிற்கும். விளைச்சல் பெருத்த 2025-இல் அந்த வரிசை நாள்கணக்கில் நகரவில்லை. கிலோவுக்கு 12 ரூபாய் என்று ஆந்திர அரசு விலை வைத்து, அதில் 4 ரூபாயைத் தானே தருவதாகச் சொன்ன வருடம் அது. டிராக்டரின் நிழலில் படுத்துக் கிடக்கிற விவசாயிக்கு விலையை விடப் பெரிய கேள்வி, லைன் நகர்ந்ததா என்பதுதான். மேலே ஏற்றியிருப்பது பழம், காத்திருக்காது.

திருப்பதிக்கு வருவோம். திருமலையில் 'கியூ லைன்' என்பார்கள். கியூ என்றாலும் வரிசை, லைன் என்றாலும் வரிசை. நடு சென்டர் மாதிரி இதுவும் ஒன்று. அங்கே நிற்கிற நேரத்தைப் பார்த்தால் ஒரு சொல் போதவில்லை என்று நினைத்திருப்பார்களோ என்னவோ! வைகுண்டம் கியூ காம்ப்ளெக்ஸில் பக்தர்கள் உட்கார்ந்து காத்திருக்கும் கூடங்களுக்குப் பெயர் கம்பார்ட்மெண்ட். 31 கம்பார்ட்மெண்டும் நிரம்பி, லைன் வெளியே சிலாதோரணம் என்கிற பாறை வளைவு வரை போய்விட்டது என்று செய்தி வரும். கீழே திருப்பதியில் இலவச தரிசனத்துக்கு டோக்கன் கொடுக்கிறார்கள்.

"அண்ணா, தர்ம தரிசனம் லைன் எங்கே?" என்று நம் ஊர் அம்மா கேட்பார். "இது டோக்கன் லைன்மா. தரிசனம் லைன் மேல" என்று பதில் வரும். லைன், கம்பார்ட்மெண்ட், டோக்கன். மூன்றும் ரயில்காரர் தினமும் புழங்குகிற சொற்கள். ரயிலே ஏறாத மலை அது!

ரயில் என்றதும் காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதி போகும் பாதை நினைவுக்கு வருகிறது. முன்பு அது மீட்டர் கேஜ். ஒற்றைப் பாதையில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்துவிடக் கூடாது அல்லவா? அதற்காக ஒரு நிலைய அதிகாரி அடுத்த நிலையத்தைக் கேட்பார். முன்னால் போன வண்டி முழுசாக வந்து சேர்ந்து, பாதை காலியாக இருந்தால்தான் அங்கிருந்து 'லைன் கிளியர்' வரும். வந்த பிறகே கருவியிலிருந்து ஓர் இரும்புப் பந்தை வெளியே எடுக்க முடியும். அதுதான் டோக்கன். தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி நீட்டுவார்கள். ஓடுகிற எஞ்சினிலிருந்து அதைக் கையால் வாங்கிக்கொண்டு போவார்கள். இரண்டு நிலையங்களின் கருவிகளும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. ஒரு பந்து வெளியே இருக்கும்வரை இன்னொன்று வராது.

இந்த 'லைன் கிளியர்' தண்டவாளத்தை விட்டு எப்போதோ இறங்கிவிட்டது. கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் சம்மதித்தால் லைன் கிளியர். தலைமை பச்சைக்கொடி காட்டினால் வேட்பாளருக்கு லைன் கிளியர். தெலுங்குப் பத்திரிகைகளின் தலைப்புகளில் இதற்குத் தனிச் செல்வாக்கு உண்டு.

ஆனால் மின்கம்பத்தில் ஏறுகிறவர்களிடம் இதே சொல் தலைகீழாகப் புரண்டு நிற்கிறது. ஆந்திராவின் தென் மாவட்டங்களுக்கு மின்சாரம் தரும் நிறுவனத்தின் தலைமையகமே திருப்பதியில்தான் இருக்கிறது. அங்கே லைன்மேன்கள் 'எல்.சி.' என்பது இந்த லைன் கிளியரைத்தான். துணை மின்நிலையத்துக்குப் போன் போட்டு, எந்தப் பாதையில் வேலை என்று சொல்லி எல்.சி. எடுப்பார்கள். அங்கே அந்தப் பாதையை நிறுத்தி, பதிவேட்டில் எழுதிவைப்பார்கள். ரயிலில் லைன் கிளியர் என்றால் வண்டி வரலாம். இங்கே லைன் கிளியர் என்றால் மின்சாரம் வரக் கூடாது.

எல்.சி. கொடுத்தாயிற்று என்ற பேச்சை மட்டும் நம்பி நல்ல லைன்மேன் கம்பியைத் தொடுவதில்லை. கம்பியில் உயிர் இருக்கிறதா என்று சோதித்து, மண்ணோடு இணைத்துவிட்டுத்தான் கை வைக்கிறார். வேலை முடிந்ததும் எல்.சி.யை எடுத்தவரே திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் கொடுக்கும்வரை, ஊரே இருட்டில் உட்கார்ந்து போன்மேல் போன் போட்டாலும், அந்தச் சுவிட்சை யாரும் மேலே தள்ளக் கூடாது.

ஆகவே நேயர்களே, பாகாலா பக்கம் யாராவது உங்களிடம் "லைன் கிளியரா?" என்று கேட்டால், கேட்டவர் ரயில்காரரா, கரண்டுக்காரரா என்று பார்த்துவிட்டு வாயைத் திறவுங்கள்.