ரைடில் ஏறாதவர்களையும் நினைத்துத் திட்டமிடுவோம்

(கோடை விடுமுறையை முன்னிட்டு நமது அறக்கட்டளை நடத்திய பெற்றோர் கூட்டத்தில், சுற்றுலாப் பொறுப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பரீட்சை முடிந்துவிட்டது. இனி வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான்: "இந்த வருஷம் எங்கே போறோம்?" சிலர் மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் என்கிறார்கள். சிலர் கொச்சி வொண்டர்லா என்கிறார்கள். மதுரைப் பக்கம் சொந்தம் இருப்பவர்கள் பரவையில் உள்ள அதிசயம் போகலாம் என்கிறார்கள். இரண்டு நாள் லீவு கிடைத்தால் இரண்டு பார்க்கையும் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

போய் வாருங்கள். பிள்ளைகள் சிரித்து விளையாடுவதைப் பார்ப்பதும் ஒரு நிஅமத்துதான். பத்து வருடமாக இந்தச் சுற்றுலா வண்டிகளில் பொறுப்பாளராகப் போய் வருகிறவன் என்ற முறையில் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லவே இங்கே நிற்கிறேன். நாம் எல்லோரும் ரைடில் ஏறுகிறவர்களை வைத்துத்தான் அந்த நாளைத் திட்டமிடுகிறோம். எத்தனை ரைடு, எது முதலில், எது கடைசியில் என்று. ஆனால் அந்த நாள் நல்லபடி முடிவதும் கெட்டுப்போவதும் ரைடில் ஏறாதவர்கள் கையில்தான் இருக்கிறது. அவர்கள் யார் யார் என்று ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

பைக்குக் காவல் இருக்கும் அம்மா

பார்க்கில் நுழைந்ததும் நிழலான ஒரு திண்ணையைப் பிடிப்போம். எட்டு பை, இரண்டு சாப்பாட்டு கேரியர், செருப்புகள், செல்போன்கள் எல்லாம் அங்கே குவியும். "நீங்க இங்கேயே இருங்க, நாங்க ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறோம்" என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவோம். அந்த ஒருவர் பெரும்பாலும் வீட்டின் தாய், அல்லது மாமியார், அல்லது கல்யாணம் ஆகாத ஒரு அக்கா. காலை மூன்று மணிக்கு எழுந்து முப்பது பேருக்குப் புளிச்சோறு கட்டியவரும் அவர்தான். மற்றவர்களைப் போலவே முழு டிக்கெட் எடுத்துத்தான் உள்ளே வந்திருப்பார். சாயங்காலம் வரை அவர் பார்த்தது அந்தத் திண்ணையைத்தான்.

பெரிய பார்க்குகளில் வாடகைக்கு லாக்கர் இருக்கிறது. இரண்டு குடும்பம் சேர்ந்து ஒரு லாக்கர் எடுத்தால் செலவு பெரிதாக இருக்காது. அதுவும் வேண்டாம் என்றால் முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருவர். ஆண்களும் உட்காருங்கள், காலேஜ் படிக்கும் பையனும் உட்காரட்டும். ராட்டினம் ஏறப் பயம் என்று அம்மா சொன்னால் பொம்மை ரயில் இருக்கிறது, தண்ணீரில் மெதுவாக மிதந்து போகும் ரைடு இருக்கிறது. ஒரு தடவை கூப்பிட்டு மறுத்தால் இரண்டாம் தடவையும் கூப்பிடுங்கள். நம் தாய்மார்கள் முதல் தடவையில் "சரி" என்று சொல்லிப் பழகியவர்கள் இல்லை.

உடை விஷயத்தையும் முன்கூட்டியே பாருங்கள். பல பார்க்குகளில் தண்ணீர் ரைடுகளுக்குப் பருத்தித் துணி அனுமதி இல்லை. நைலான் போன்ற துணிதான் வேண்டும் என்பார்கள். முழு உடலையும் தலையையும் மறைக்கும் நீச்சல் உடைகள் கடைகளில் கிடைக்கின்றன. அதை அந்த பார்க்கில் அனுமதிக்கிறார்களா, பெண்களுக்குத் தனிக் குளம் இருக்கிறதா என்று ஒரு போன் செய்து கேட்டுவிட்டால் நம் சகோதரிகள் கவுன்ட்டரில் போய் நின்று திரும்பி வர வேண்டியிருக்காது.

உயரப் பலகைக்குக் கீழே நிற்கும் பிள்ளை

ஒவ்வொரு ரைடின் வாசலிலும் உயரக் கோடு போட்ட ஒரு பலகை இருக்கும். அண்ணன் உள்ளே போவான், தம்பி இரண்டு விரற்கடை குறைவாக நின்று அழுவான். உடனே நாம், "பரவாயில்லை சார், மடியில வச்சுக்கறேன்" என்று ஊழியரிடம் மன்றாடுவோம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மடிக்குக் குறுக்கே விழும் அந்தக் கம்பி ஒரு அளவு உடம்புக்காகச் செய்யப்பட்டது. அளவு குறைந்த பிள்ளை அதற்கு அடியில் நழுவிவிடும். கர்ப்பிணிகள், இதய நோய், ரத்தக் கொதிப்பு, வலிப்பு, கழுத்து முதுகு வலி உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று எழுதியிருப்பதும் சும்மா இல்லை. துப்பட்டா, தாவணி, அவிழ்ந்த கூந்தல் எதுவும் சக்கரமுள்ள ரைடுகளில் காற்றில் பறக்கக் கூடாது. 2018-இல் ஹரியானாவின் பிஞ்சோரில் கோ-கார்ட் சக்கரத்தில் கூந்தல் சிக்கி ஒரு இளம் தாய் உயிரிழந்தார். குடும்பத்தோடு விளையாடப் போன இடம் அது.

அழும் தம்பிக்கு என்ன செய்வது? புறப்படும் முன்பே வீட்டில் அவன் உயரத்தை அளந்து, அவன் ஏறக்கூடிய ரைடுகளை அவனிடமே சொல்லிவிடுங்கள். வாசலில் வந்து கேட்கும் "இல்லை"யைவிட வீட்டிலேயே கேட்ட "இல்லை" வலிக்காது.

சிறு பிள்ளைகளின் கையில் பெற்றோரின் போன் நம்பரை அழியாத மையால் எழுதுங்கள். காலையில் வண்டி ஏறும்போது அன்று போட்டிருக்கும் உடையோடு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஒரு வருடம் நம் வண்டியில் வந்த ஆறு வயதுப் பையன் நாற்பது நிமிடம் காணவில்லை. "என்ன கலர் சட்டை?" என்று காவலாளி கேட்டபோது அவன் அத்தா சொன்னது ஒரு கலர், அம்மா சொன்னது வேறு கலர். ஐஸ்கிரீம் கடைக்குப் பின்னால் அழுதபடி நின்றவனை இன்னொரு குடும்பம் கையைப் பிடித்துக் கூட்டி வந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

வேவ் பூலில் கரையோரம் நிற்பவர்

தண்ணீரில் மூழ்குகிற பிள்ளை கத்தும், கையை ஆட்டும் என்று நினைக்கிறோம். சினிமாவில்தான் அப்படி. மூச்சு விடவே முடியாதபோது கத்துவதற்கு மூச்சு ஏது? சத்தமே இல்லாமல் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். முழங்கால் அளவுத் தண்ணீரும் சிறு பிள்ளைக்கு ஆபத்துதான். வேவ் பூலில் சைரன் அடித்ததும் கூட்டம் முழுவதும் அலையோடு ஆடும். அந்த ஆரவாரத்தில் ஒரு தலை குறைவது யாருக்கும் தெரியாது.

அதனால் ஒரு ஏற்பாடு செய்யுங்கள். தண்ணீரில் பிள்ளைகள் இருக்கும் நேரமெல்லாம் ஒரு பெரியவரின் வேலை அவர்களைப் பார்ப்பது மட்டும்தான். போன் கையில் இருக்கக் கூடாது, ரீல்ஸ் எடுக்கக் கூடாது, பேச்சும் கூடாது. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாறுங்கள். மாறும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்: "இனி நீங்க பாருங்க." எல்லோரும் பார்க்கிறார்கள் என்று நினைக்கும் இடத்தில்தான் யாருமே பார்க்காமல் போகிறோம். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கட்டும்.

வெயிலில் வாடும் பெரியவர்

1955 ஜூலை 17-ஆம் தேதி அமெரிக்காவின் அனஹைமில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது. உலகத்து தீம் பார்க்குகளுக்கெல்லாம் முன்மாதிரி என்று சொல்லப்படும் இடம். முதல் நாளில் என்ன நடந்தது தெரியுமா? போலி டிக்கெட்டுகளோடு எதிர்பாராத கூட்டம் உள்ளே வந்துவிட்டது. கடும் வெயில். பிளம்பர்களின் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்கள் போதவில்லை. புதிதாகப் போட்ட தார் இளகி, பெண்களின் குதிகால் செருப்பு அதில் புதைந்தது. எவ்வளவு பணம் கொட்டிக் கட்டிய பார்க்காக இருந்தாலும் நாளைக் கெடுப்பவை இந்த மூன்றும்தான்: கூட்டம், வெயில், தண்ணீர் இல்லாமை.

நாம் போவதோ கத்திரி வெயிலில். கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். கூட்டம் சேரும் பெரிய ரைடுகளை முதல் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுங்கள். பதினொன்றரைக்கே சாப்பிட்டுவிட்டால் சாப்பாட்டு வரிசையும் மிச்சம். உச்சி வெயில் நேரத்தை நிழலுக்கும் தொழுகைக்கும் ஓய்வுக்கும் ஒதுக்குங்கள். பயணத்தில் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழும் சலுகை உண்டு. எவ்வளவு தூரம் போனால் அது பொருந்தும், இரண்டு வக்தைச் சேர்த்துத் தொழலாமா என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளுக்குள் வேறுபாடு இருக்கிறது. புறப்படும் முன் நம் இமாமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உலர்ந்த மாற்று உடை ஒன்று தனிப் பையில் இருக்கட்டும்.

தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நான்கு வாங்கி வையுங்கள். அது இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு கூடவோ குறையவோ வேண்டாம். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்கு வேளைக்குச் சாப்பாடும் மாத்திரையும் தவறக் கூடாது. ஒருவர் உடம்பு கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது, ஆளைத் தெரியவில்லை என்றால் அது வெறும் களைப்பு இல்லை, வெப்பத் தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பார்க் வாசலில் காத்திருக்கும் டிரைவர்

அன்றைய நாளில் மிக ஆபத்தான ரைடு எது என்று பிள்ளைகளைக் கேட்டால் உயரமான ரோலர் கோஸ்டரைக் காட்டுவார்கள். என்னைக் கேட்டால் இரவில் நாம் வீடு திரும்பும் வேன் என்பேன்.

நடுநிசியில் புறப்பட்டு, ஐந்தாறு மணி நேரம் ஓட்டி, பகல் முழுவதும் அனலடிக்கும் வண்டியில் புரண்டு, மறுபடி இரவு முழுவதும் ஓட்டுகிறார் அந்தத் தம்பி. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று வரம்பு வைத்திருந்தது. நாமோ "டிரைவருக்கென்ன, பகலெல்லாம் தூங்குவாரே" என்கிறோம். விடியற்காலையில் ஓட்டுநர் கண் அயர்ந்து, நின்றிருந்த லாரியில் சுற்றுலா வேன் மோதியது என்ற செய்தியைக் கோடையில் எத்தனை தடவை படித்திருக்கிறோம்!

தூரப் பயணம் என்றால் இரண்டு டிரைவர் கேளுங்கள். அதற்காகக் கூடும் தொகையைத் தலைக்குப் பங்கிட்டால் ஒரு ஐஸ்கிரீம் விலைதான் வரும். ஒரே டிரைவர் என்றால் அவர் பகலில் படுக்க மின்விசிறியுள்ள ஒரு அறை பார்த்துக் கொடுங்கள். நாம் சாப்பிடுவதையே அவருக்கும் கொடுங்கள். "இன்னும் ஒரே ஒரு ரைடு" என்று ஏழு மணிப் புறப்பாட்டை ஒன்பதாக்காதீர்கள். அந்த இரண்டு மணி நேரத்தை அவர் தூக்கத்தோடு போராடிக் கட்ட வேண்டும். முன் இருக்கையில் விழித்திருந்து பேச்சுக் கொடுக்க ஒருவர் உட்காருங்கள். அவருக்குத் தூக்கம் வந்தால் வண்டியை ஓரம் கட்டச் சொல்லும் தைரியம் நமக்கு வேண்டும்.

இடத்தைத் தேர்வு செய்யும்போதும் கண்ணைத் திறந்து பாருங்கள். 2024 மே 25, விடுமுறை நாள் சனிக்கிழமை. குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு விளையாட்டு அரங்கில் தீப்பிடித்து, குழந்தைகள் உட்பட 25-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இல்லாமலே அது நடந்துவந்தது. 99 ரூபாய் சலுகை டிக்கெட் என்று கூட்டம் கூடியிருந்தது. மலிவு என்று அழைக்கும் தற்காலிகக் கொட்டகை எதுவானாலும் நுழையும்போதே வெளியேறும் வழி எங்கே என்று தேடுங்கள். ஒரே வழிதான் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

வண்டியிலேயே ஏறாத பிள்ளை

கடைசியாக ஒருவர். அவர் பார்க் வாசல் வரைகூட வரவில்லை.

டிக்கெட் 1,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 5,000. வண்டிப் பங்கு, சாப்பாடு, லாக்கர், பொம்மை என்று சேர்த்தால் ஒரு தையல் தொழிலாளியின் பல நாள் கூலி ஒரே நாளில் கரைகிறது. பிள்ளை அழுகிறது என்பதற்காக வாரத் தவணைக் கடன் வாங்கி வந்தவர்களை எனக்குத் தெரியும். ஒரு நாள் சிரித்துவிட்டு ஒரு வருடம் தவணை கட்டினார்கள். கடன் வாங்கிப் போகாதீர்கள். ரமலான் முடிந்ததும் மாதம் 300 ரூபாய் என்று உண்டியலில் போட்டு வாருங்கள். வார நாளில் போங்கள்; குழுவுக்கும் மாணவர்களுக்கும் சலுகை உண்டா என்று கேளுங்கள். பக்கத்திலேயே அணை, அருவி, கடற்கரை என்று காசு கேட்காத இடங்களும் உண்டு.

வசதி உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வண்டியிலும் இரண்டு இருக்கைக்கான பணத்தைக் கூடுதலாகக் கொடுங்கள். தந்தையை இழந்த பிள்ளைகள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அந்த இருக்கை யாருடையது என்று வண்டியில் யாருக்கும் தெரியக் கூடாது. மைக்கில் பெயர் படிக்க வேண்டாம், குரூப்பில் போட்டோ போட வேண்டாம். அந்தப் பிள்ளையின் கையிலும் மற்ற பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அதே ஐஸ்கிரீம், அதே பொம்மைக் காசு இருக்கட்டும். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் "லீவுக்கு எங்கே போனாய்?" என்று டீச்சர் கேட்பார். அப்போது அந்தப் பிள்ளைக்கும் சொல்ல ஒரு பதில் இருக்க வேண்டும்.

இந்த வருடம் வண்டி புறப்படும் முன் எத்தனை பேர் ஏறினோம் என்று எண்ணுங்கள். திரும்பி இறங்கும்போதும் எண்ணுங்கள். இரண்டு கணக்கும் சரியாக வந்து, இறங்கும் ஒவ்வொருவர் முகத்திலும் கொஞ்சமாவது சிரிப்பு இருந்தால் அதுவே போதும்.

அல்லாஹ் நம் பயணங்களை இலேசாக்குவானாக, எல்லோரையும் பத்திரமாக வீடு சேர்ப்பானாக. வஸ்ஸலாம்.