மின்சார விற்பனையாளரை மாற்றுவதற்கு முன்

கடைத்தொகுதிக்குள் நுழைந்தால் போதும், ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, கரண்ட் பில்லைக் குறைக்கணுமா? இப்பவே கையெழுத்துப் போட்டா பற்றுச்சீட்டு உண்டு" என்று கூப்பிடுகிறார்கள். போடலாமா? அவசரப்படாமல் பார்ப்போம்.

சிங்கப்பூரில் 2018 நவம்பர் முதல் 2019 மே வரை, வட்டாரம் வட்டாரமாக எல்லா வீடுகளுக்கும் மின்சாரச் சந்தை திறந்துவிடப்பட்டது; விற்பனையாளரை நாமே தேர்ந்தெடுக்கலாம். யாரிடம் வாங்கினாலும் வருவது அதே மின்சாரம்தான். கம்பி, நாட்டின் மின்கட்டமைப்பை நடத்தும் எஸ்பி குழுமத்துடையது; மீட்டரும் அவர்களுடையது. மின்தடை என்றால் கூப்பிட வேண்டியதும் அவர்களைத்தான். மாறுவது விலை, ஒப்பந்தம், பில் இந்த மூன்றும்தான். மாறாமல், ஏற்கெனவே மின்சாரம் விற்றுவந்த எஸ்பியிடமே இருந்துவிடவும் உங்களுக்கு உரிமை உண்டு.

முதலில் விலை. பெரும்பாலும் இரண்டு வகைத் திட்டங்கள் கண்ணில் படும். ஒன்று நிலையான விலை: ஒப்பந்தம் முடியும்வரை யூனிட்டுக்கு ஒரே காசு. மற்றொன்று, எஸ்பியின் கட்டணத்திலிருந்து இத்தனை விழுக்காடு தள்ளுபடி. அந்தக் கட்டணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். நம் மின்சாரத்தில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவில் தயாராவதால், எரிபொருள் விலை ஏறினால் அதுவும் ஏறும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 400 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலையான விலை 28 காசு என்றால் 112 வெள்ளி. எஸ்பி கட்டணம் 30 காசாக இருக்கும்போது 5 விழுக்காடு தள்ளுபடி போனால் 114 வெள்ளி. கட்டணம் 33 காசுக்கு ஏறினால் அதே தள்ளுபடித் திட்டத்தில் 125 வெள்ளி 40 காசு; 27க்கு இறங்கினால் 102 வெள்ளி 60 காசு. மாதச் செலவு ஏறக்கூடாது என்பவர்களுக்கு நிலையான விலை சரி. ஏற்ற இறக்கத்தைத் தாங்க முடிந்தவர்கள் தள்ளுபடியைப் பார்க்கலாம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒப்பிடும் இரண்டு விலையிலும் 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்ந்திருக்கிறதா? வரி சேராத 28 காசு, வரியோடு 30 காசைத் தாண்டிவிடும்.

அடுத்து ஒப்பந்தம். ஆறு மாதமா, ஓராண்டா, இரண்டாண்டா? இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும்? வைப்புத்தொகை கேட்கிறார்களா? வாடகை வீட்டில் இருப்பவர்கள், குத்தகை முடியும் தேதியைத் தாண்டிப் போகாத ஒப்பந்தமாகப் பாருங்கள். ஒப்பந்தம் முடியும்போது வரும் கடிதத்தைப் படிக்காமல் விட்டால், புதிய விலையில் அது தானாகவே நீளக்கூடும்.

மூன்றாவதாக, பில். பெரியவர்கள் இன்னமும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பெயரால் 'பியுபி பில்' என்பார்களே, அதே எஸ்பி பில்லில் மின்சாரமும் சேர்ந்து வரும்படி சில விற்பனையாளர்கள் வைத்திருக்கிறார்கள். வேறு சிலர் மின்சாரத்துக்குத் தனி பில் அனுப்புவார்கள். அப்போது தண்ணீர், எரிவாயு, குப்பைக் கட்டணங்களுக்கான பில் மட்டும் எஸ்பியிடமிருந்து வரும். இரண்டு பில், இரண்டு கடைசித் தேதி. தாமதமானால் தண்டம் எவ்வளவு, வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஜைரோ, கடன் அட்டை இரண்டும் செல்லுமா, காகித பில்லுக்குத் தனிக் காசா என்று கேளுங்கள். தனியாக வசிக்கும் பெற்றோருக்குத் திட்டம் எடுத்துக் கொடுப்பவர்கள், இரண்டு காசு கூடினாலும் ஒரே பில்லாக எடுப்பதே நல்லது என்பேன்.

நிறுவனம் மூடிவிட்டால்? 2021 கடைசியில் எரிவாயு விலை எகிறியபோது, ஐஸ்விட்ச் உட்படப் பல விற்பனையாளர்கள் சந்தையை விட்டு விலகினார்கள். வாடிக்கையாளர்கள் எஸ்பிக்கு மாற்றப்பட்டார்கள். எந்த வீட்டிலும் அதற்காக மின்சாரம் நிற்கவில்லை. ஆனால் அவர்கள் பேசி வாங்கிய மலிவு விலை போய்விட்டது.

எரிசக்திச் சந்தை ஆணையத்தின் ஒப்பீட்டு இணையத்தளத்தில் திட்டங்களை வரிசையாகப் பார்க்கலாம். கையெழுத்துக்கு முன் விற்பனையாளர் தரவேண்டிய தகவல் தாளில், நான் சொன்ன விவரங்களில் பெரும்பாலானவை இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். பற்றுச்சீட்டு இன்றோடு முடிகிறது என்று அவசரப்படுத்தினால், "நாளைக்கு வர்றேன் தம்பி" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.